கடல்தேளின் இடது கொடுக்கு

பிரஷ்காரர் தூசிதான் தட்டினார். கடல்தேளின் இடது கொடுக்கு டக்கென்று கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

அருங்காட்சியகத்தில் புதைபடிவங்களைச் சுத்தம் செய்வது பதினெட்டு வருடமாக அவர் வேலை. இந்தக் கல்லை மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தொடுவார். நாற்பது கோடி வருடங்களுக்கு முன்னால், ஆள் உயரத்துக்கு வளர்ந்து கடலை ஆட்டிப்படைத்த இனம். பின்னால் பூண்டோடு அழிந்துபோனது. அதில் சில கரையேறித்தான் இன்றைய தேள் ஆயின, அதற்கு இந்தக் கொடுக்கே ஒரே சாட்சி என்று புத்தகம் எழுதிப் பெரிய மனிதரானவர் இயக்குநர். அந்தச் சாட்சியைப் பார்க்கப் பதினோரு மணிக்கு வெளியூர் நிபுணர் ஒருவர் வருகிறார். இப்போது மணி ஒன்பது.

மனைவிக்குப் போன் செய்தார்.

"கடல்தேளோட கொடுக்கு உடைஞ்சிருச்சு," என்று அழுதார்.

"ஐயோ, கொட்டிருச்சாங்க?"

"அது செத்து நாற்பது கோடி வருஷம் ஆச்சுடி!"

"அப்புறம் எதுக்கு அழறீங்க? ஒட்டி வைங்க."

ஒட்டினார். கண்ணீர் மறைத்ததில் தலைகீழாக ஒட்டிவிட்டது. கடல்தேள் கையேந்திப் பிச்சை கேட்பது போலிருந்தது.

டிக்கெட் கிழிக்கும் பெண்ணிடம் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை வாங்கி வந்து, பஞ்சில் நனைத்துத் தடவினார். பசை அசையவில்லை. கொடுக்கு கரைந்தது. முதலில் பளபளப்பு போயிற்று. பிறகு நுனி கூழானது. பதறிப்போய்த் துடைத்தார். துடைக்கத் துடைக்கப் பஞ்சோடு வந்தது. கடைசியில் ஒரு பழுப்புக் கறைதான் மிச்சம்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கடல் வற்றியபோதும் மலை புரண்டபோதும் தப்பித்த பொருள், தன் கைபட்டா ஒழிய வேண்டும்? தாள் ஒன்றை எடுத்து ராஜினாமாக் கடிதம் எழுதினார்.

பதினோரு மணிக்கு இயக்குநரும் நிபுணரும் உள்ளே வந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்த தச்சர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"நான்தான் அழிச்சேன்," என்று பிரஷ்காரர் கடிதத்தை நீட்டினார்.

நிபுணர் குனிந்து பார்த்தார். நிமிரவே அவருக்கு நேரம் பிடித்தது. "இருந்தது ஒரே ஆதாரம். அதுவும் போச்சு."

இயக்குநர் காட்டுக் கத்தல் கத்துவார் என்று பார்த்தால், முகம் வெளுத்து, ஓரக்கண்ணால் தச்சரைப் பார்த்தார்.

பிரஷ்காரர் குலுங்கிக் குலுங்கி அழுதார். தச்சருக்கு மனசு கேட்கவில்லை. கிட்டே வந்து அவர் தோளைத் தொட்டார்.

"இதுக்குப் போய் அழுவாங்களா சார்? டைரக்டர் அன்னிக்கு என்கிட்ட அரக்குல மூணு கொடுக்கு செய்யச் சொன்னாரு. மிச்சம் ரெண்டும் என் பெட்டியிலதான் கிடக்கு."