தயவுசெய்து எங்களோடு சமாதானம் ஆகிவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய நஞ்சுண்டன் பெரியப்பா அவர்களுக்கு,

கணபதியிலிருந்து லோகப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது. பொள்ளாச்சியில் தாங்களும் பெரியம்மாவும் தென்னைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் நலம் பற்றி இங்கே ஆளுக்கொரு கருத்து இருக்கிறது.

மார்பில் இருந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்துவிட்டார்கள். மருந்து நன்றாகக் கேட்கிறது, சீக்கிரம் வேலைக்குப் போகலாம் என்கிறார் டாக்டர். நான் நம்பிவிட்டேன். வீடுதான் நம்ப விடமாட்டேன் என்கிறது. "மனசச் சந்தோசமா வெச்சுக்கோணும்" என்று டாக்டர் பொதுவாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் என்னிடம் அன்பாக நடக்கத் தொடங்கியதிலிருந்து எனக்குச் சந்தேகம். சாப்பிடும்போது படித்தால் புத்தகத்தைப் பிடுங்கி வைக்கும் அம்மா, இப்போது பக்கம் புரட்டக் கை ஈரமாக இருக்குமே என்று துண்டு கொண்டுவருகிறாள். மொபெட்டைத் தொட விடாத அப்பா, "ஓட்டிப் பாரு சாமி, எங்காச்சும் இடிச்சாலும் பரவால்ல" என்று சாவியை நீட்டுகிறார். இடித்தாலும் பரவாயில்லையாம்! பக்கத்து வீட்டு ராசாத்தாள் அக்கா சாத்துக்குடியோடு வந்து, "சிரிச்ச மொகமா இருக்கோணும் கண்ணு, அழுவவே கூடாது" என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழுகிறார். நான்தான் தட்டிக்கொடுத்து, காபி போட்டுக் கொடுத்து, வாசல்வரை கொண்டுபோய் விட வேண்டியிருக்கிறது. எதையாவது மறைக்கிறீர்களா என்று டாக்டரையே கேட்டேன். "உங்கம்மாவும் இதத்தானுங்க தனியா வந்து கேட்டாங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பையும் வீட்டுக்குக் கொண்டுவந்து வெகுநேரம் ஆராய்ந்தேன்.

இதையெல்லாம் சமாளித்துவிடுவேன். ஆனால் அடுத்த வாரம் தாங்கள் இங்கே வரப்போவதாகத் தேங்காய் வண்டி சுப்பையன் சொல்லிவிட்டுப் போனார். கிணற்றுப் பங்கு பிரித்த அன்று, "இனி உன்ற ஊட்டு வாசல மிதிச்சா, அது எளவுக்குத்தான்டா" என்று அப்பாவிடம் தாங்கள் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவள் நான். சொன்ன சொல் மாறாதவர் தாங்கள். எனவே செய்தி கேட்டதும் அம்மா சமையலறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். அப்பா வீட்டை ஒட்டிய பட்டறையில் லேத்தை நிறுத்திவிட்டார். நானும் முதல் முறையாக ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்து வரிவரியாகப் படித்தேன், பெரியப்பா. இன்னும் நிறைய காலம் இருக்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதைக் கெடுத்துப்போடாதீங்க. பகையை விடாமல், பழையபடி எங்களைத் திட்டிக்கொண்டு அங்கேயே சுகமாக இருக்க வேண்டும்.

பெரியம்மாவுக்கு என் அன்பைத் தெரிவித்து, தங்கள் கோபத்துக்கு நீண்ட ஆயுளை வேண்டும்,
லோகப்பிரியா

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது தங்கள் மகன் கிருபாசங்கர் அண்ணன் பட்டறைக்குப் போன் செய்தார். நான்தான் எடுத்தேன். "உன்னயப் பாக்க வாராருன்னு யாரு அம்மணி சொன்னா? பொது வரப்புத் தென்னையச் சித்தப்பா வெட்டி வித்துப்போட்டாராமா, சட்டையப் புடிச்சுக் கேக்கோணும்னு வாராரு. உன்னயப் பத்திக் கேட்டா, 'அவளுக்கென்ன, அவ நல்லாத்தான் இருப்பா'ன்னு போட்டு, மறுபடி தென்னைக்கே போயிர்றாரு" என்றார்.

பெரியப்பா, அடுத்த வாரம் வரை தாமதிக்க வேண்டாம். முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள். விஷயத்தைச் சொன்னதும் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார். ஒரு வாய்த் தண்ணீர் குடியுங்கள் என்று பக்கத்தில் போனேன். "தள்ளிப் போடி அந்தப் பக்கம்!" என்று பழையபடி கத்தினார்.