வெள்ளைச் சைக்கிளுக்குப் பதினோரு பொட்டு

இருளாண்டி பூசாரி பதினோராவது பொட்டை வைத்துவிட்டு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தபோது, பாதையை நடந்து பார்த்துவிட்டுத் தினேஸ்வரன் மேடேறி வந்தான்.

வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

கால்மணி நேரத்துக்கு முன்னால் முனியாண்டி கோயில் வாசலில் அவன் சாத்திவிட்டுப் போன சைக்கிள் அது. அப்போது பால் வெள்ளையாக இருந்தது. இப்போது கைப்பிடியில் சாமந்தி மாலை, இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம், சட்டம் முழுக்கச் சந்தனம், குங்குமம். கல்யாணப் பெண்ணுக்குக்கூட இத்தனை பொட்டு வைக்கமாட்டார்கள்.

"ஐயா! என்னாங்க செஞ்சிட்டீங்க?"

"புது வண்டி தம்பி. வெறும் நெத்தியோட காட்டுல எறக்கலாமா?"

"இது என் வண்டி இல்லைங்க. கம்பெனி வண்டி! ஓட்டிப் பாத்துட்டுத் திருப்பிக் குடுக்கணும்!"

"யாரு வண்டியா இருந்தா என்னா? பள்ளம் எல்லாருக்கும் ஒரே பள்ளம்தான். நேத்து என்னா ஆச்சின்னா தம்பி..."

"நேத்து கதைய அப்புறம் கேக்குறேங்க. தண்ணி இருக்கா?"

பூசாரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

தினேஸ்வரனின் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. அலோர் காஜாவில் முதலாளி ஆ செங் தவுக்கேயின் சைக்கிள் கடையில் பன்னிரண்டு வருடமாக அவன் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். தவுக்கே தோட்டத்தில் தமிழர்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்த சீனர். தமிழில் திட்ட ஆரம்பித்தால் தமிழர்களே நின்று கேட்பார்கள். அவர் இப்போது மெர்லிமாவில் இன்னொரு கடை திறக்கப் போகிறார். அதற்காகத்தான் இந்தச் சைக்கிளை ஒரு கம்பெனியிடமிருந்து ஒரு நாளைக்கு வாங்கியிருந்தார். என்டியூரோ என்று பெயர். கல்லும் வேரும் குழியுமாகக் கிடக்கிற மலைச்சரிவில் கண்மண் தெரியாமல் இறங்குவதற்கென்றே செய்தது. அதன் விலைக்கு நல்ல மோட்டார் சைக்கிள் இரண்டு வாங்கலாம்.

"செம்பனைத் தோட்டத்து மேட்டுலேருந்து எறக்கிப் பாரு. ரிப்போர்ட் எழுது. வண்டியில கீறல் இருக்கக் கூடாது. எல்லாம் ஒழுங்கா நடந்தா மெர்லிமாவ் கடைச் சாவி ஒன் கையில" என்று தவுக்கே சொல்லியிருந்தார்.

அந்தச் சாவியைத் தினேஸ்வரன் கனவிலேயே இரண்டு முறை தொலைத்துத் தேடியிருக்கிறான். அவ்வளவு ஆசை. அவன் மனைவி திலகவதி இன்னும் ஒரு படி மேலே போய், செர்காமில் இருக்கிற அக்காவிடம், "அவுருதான் மேனேஜர்" என்று சொல்லியும் விட்டாள். கம்பெனி ஆள் மாலை நாலு மணிக்கு வண்டியைப் பார்க்க வருகிறான். மணி இப்போது பதினொன்றரை.

தினேஸ்வரன் மாலையைக் கழற்றினான். ஈரத்துணியால் முதல் பொட்டைத் துடைத்தான். பளபளப்பில்லாத, சுண்ணாம்பு மாதிரியான வெள்ளைச் சாயம் அது. குங்குமத்தை ஆசையாக உறிஞ்சிக்கொண்டது. அவன் துடைக்கத் துடைக்கப் பதினோரு பொட்டும் கைகோத்துக்கொண்டு, சட்டம் முழுவதும் ரோஸ் நிறமாகிவிட்டது.

"இதுவும் நல்லாத்தான்லா இருக்கு" என்றார் பூசாரி.

அழுகை வந்தது. ஆனால் ஓட்டிப் பார்க்காமல் ரிப்போர்ட் எழுத முடியாது. ஹெல்மெட்டை மாட்டி, ஏறி உட்கார்ந்து, சரிவில் விட்டான்.

சைக்கிள் அம்சமாகத்தான் போனது. வேரின் மேல் ஏறியது தெரியவில்லை. குழியில் விழுந்தது தெரியவில்லை. இருபது அடியில் முதல் வளைவு வந்தது. முன் பிரேக்கை மெல்லப் பிடித்தான். சைக்கிள் கண்டுகொள்ளவில்லை. பின் பிரேக்கையும் சேர்த்து அழுத்தினான். வேகம் கூடியது.

மேலேயிருந்து பூசாரியின் குரல் கேட்டது.

"தம்பீ! சக்கரத்து நடுவுல இருக்குற இரும்புத் தட்டு துருப்பிடிக்கக் கூடாதுன்னு நல்லெண்ண தடவியிருக்கேன்!"

அந்த இரும்புத் தட்டைப் பிடித்துத்தான் பிரேக் நிற்கும். அதில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலே தீர்ந்தது கதை. பூசாரி கைநிறையத் தடவியிருந்தார்.

இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் சர்ரென்று மேலே ஓடின. குறுக்கே விழுந்து கிடந்த மட்டையைச் சைக்கிள் தானாகவே தாண்டியது. அடுத்த திருப்பத்தில் தினேஸ்வரன் காலைத் தரையில் தேய்த்துப் பார்த்தான். ஒரு சப்பாத்து காலைவிட்டுக் கழன்று போனது. கல்படிகளில் தடதடவென்று இறங்கும்போது பல்லெல்லாம் ஆடியது. அடிவாரத்தில் வடிகாலின் மேல் ஒற்றைப் பலகைப் பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம், எண்ணெய் ஆலைக்குப் போட, உதிர்ந்த செம்பனைப் பழங்களைக் கோணிச் சாக்கில் பொறுக்கிக்கொண்டிருந்தாள் முனியாயி.

"அக்கா, தள்ளுங்க! தள்ளுங்க! பிரேக் இல்ல!"

"பிரேக் இல்லாத வண்டிய ஏன்டா ஓட்டுற?"

"இது ரொம்ப நல்ல வண்டிக்கா!"

முனியாயி சாக்கோடு ஒரு பக்கம் பாய்ந்தாள். தினேஸ்வரன் மறுபக்கம் திருப்பினான். பலகை தவறி, வடிகால் சேற்றில் முதலில் அவனும், அவன் மேல் சைக்கிளும் விழுந்தார்கள்.

அவள் எட்டிப் பார்த்தாள். "உசுரு இருக்கா?"

"என்னைய விடுங்க. வண்டியில கீறல் இருக்கா பாருங்க."

"வண்டியில ஒண்ணும் இல்ல. ஒன் முட்டியிலதான் தோல காணோம்."

தினேஸ்வரன் கும்பிட்டான். அத்தனை கீறலும் தன்மேலேயே விழுந்ததற்காக அன்றைக்கு அவன் உண்மையிலேயே சந்தோஷப்பட்டான்.

வீட்டுக்கு வந்ததும் கம்பெனி கொடுத்த பையில் இருந்த மாற்று பிரேக் கட்டைகளைப் போட்டு, தட்டை ஸ்பிரிட்டால் துடைத்தான். பிரேக் உயிர் பெற்றது. சேறும் கழுவக் கழுவப் போய்விட்டது. ரோஸ் மட்டும் போகவில்லை.

"இதுக்குப் போயா இப்படி மூஞ்ச வச்சிருக்கீங்க?" என்று திலகவதி பற்பசையைக் கொண்டுவந்தாள். "பிள்ளைங்க ஸ்கூல் சட்டைக் கறைக்கே நான் இதத்தான் போடுறேன்."

ஓர் இடத்தில் வைத்துத் தேய்த்தாள். கறை மாயமாய்ப் போனது. தினேஸ்வரன் அவளைத் தெய்வமாகப் பார்த்தான். துணியால் துடைத்ததும் தெய்வம் திகைத்து நின்றது. தேய்த்த இடம் கண்ணாடி மாதிரி மின்னியது. மங்கலான சட்டத்தின் நடுவே அந்தத் திட்டு, வழுக்கைத் தலை மாதிரி தனியாகத் தெரிந்தது.

"போச்சு! சாவி போச்சு! பன்னெண்டு வருசம் போச்சு!"

"கத்தாதீங்க, யோசிக்கிறேன்." திலகவதி சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "ஒரு எடம் மின்னுனாத்தானே தெரியும்? எல்லா எடமும் மின்னிடுச்சின்னா?"

மூன்று குழாய் பற்பசை தீர்ந்தது. இரண்டு பேரும் மாறி மாறித் தேய்த்தார்கள். மூன்றரை மணிக்குச் சைக்கிள், கம்பெனி கனவிலும் நினைத்திராத ஒரு பளபளப்போடு நின்றது. பக்கத்தில் போனால் புதினா வாசம் அடித்தது.

மீதி நேரத்தில் ரிப்போர்ட்டை எழுதினான். 'இறக்கத்தில் வேகம்: மிக நன்று. குழிகளைத் தாங்கும் விதம்: மிக நன்று.' பிரேக் என்ற இடத்தில் பேனா கொஞ்சம் தயங்கியது. 'பயன்படுத்த வாய்ப்பு அமையவில்லை' என்று எழுதி முடித்தான்.

நாலு மணிக்குக் கடையில் கம்பெனி ஆள் நயீம் தயாராக நின்றிருந்தான். இருபத்தைந்து வயதுப் பையன். கண் மட்டும் சுங்கத்துறை அதிகாரியின் கண். தவுக்கே கல்லாவுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

நயீம் குனிந்து சட்டத்தைத் தடவினான். தினேஸ்வரனுக்கு அந்த விரல் தன் கழுத்தில் ஊர்வதுபோல இருந்தது.

"அண்ணே, இது மங்கலாத்தானே இருந்துச்சு?"

"வெளிச்சம்லா தம்பி. இந்தக் கடையில லைட்டு அப்படி."

நயீம் மூக்கைச் சுளித்தான். "பேஸ்ட் வாசம் வருது?"

"பல்லு வெளக்குனேன்."

"நாலு மணிக்கா?"

"நான் கொஞ்சம் சுத்தமான ஆளு தம்பி."

நயீம் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தான். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டான். டார்ச் அடித்து ஒவ்வோர் அங்குலமாகத் தேடினான். தினேஸ்வரனின் முட்டி எரிந்தது. கடைசியில் நயீம் நிமிர்ந்து சிரித்தான்.

"ஒரு கீறல் இல்லண்ணே! அந்த மேட்டுல எறக்கியும் இப்படிக் கொண்டாந்திருக்கீங்க. வேணுமின்னா இன்னும் ரெண்டு நாள் வச்சிருங்க."

தினேஸ்வரனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மெர்லிமாவ் கடையின் ஷட்டரைத் தன் கையால் தூக்குகிற சத்தம்கூடக் காதில் கேட்டது. திலகவதிக்கு உடனே போன் செய்யவேண்டும் என்று பையில் கையை விட்டான்.

ஆனால் தவுக்கே சிரிக்கவில்லை. கல்லாவைவிட்டு இறங்கி வந்தார். சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றினார். கைப்பிடியைப் பார்த்தார், சட்டத்தைப் பார்த்தார், மண்டியிட்டுச் சக்கரத்துக்கு அடியிலும் பார்த்தார். எழுந்தபோது அவர் முகம் கறுத்துக் கிடந்தது.

"என்னா தவுக்கே? கீறல்தான் ஒண்ணும் இல்லையே?" என்றான் தினேஸ்வரன். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

தவுக்கே அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொட்டு எங்கடா தினேசு? நேத்தே நான் கோயிலுக்குப் போயி, வண்டி வந்ததும் பூச போடுங்கன்னு இருளாண்டிகிட்ட சொல்லிட்டு வந்தேன், நீ என்னான்னா சாமிய ஏமாத்திட்டு எறங்கியிருக்க. நாளைக்குக் காலையில மறுபடியும் போ, அவரு என்னென்ன செய்யிறாரோ எல்லாத்தையும் செஞ்சிக்கிட்டு, ஒண்ணையும் தொடைக்காம அதே மேட்டுலேருந்து எறங்கி வா, அப்புறம் தர்றேன் சாவி!"