மைனஸ் ஒன்றைத் தூக்கியவன்

அடுத்தவர் எழுதிய சாஃப்ட்வேரைத் திறந்ததும் எந்த புரோகிராமரும் முதலில் சொல்வது, "எந்த மடையன்யா இதை எழுதினது?" என்பதுதான். நானும் சொன்னேன். வாரக்கணக்கில், தினமும், தோசையைப் பிய்த்துக்கொண்டே, என் மனைவியின் எதிரில் சொன்னேன். (மனைவியின் எதிரில் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத்தான் அது உறைக்கவில்லை.)

திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபம். எந்தத் தேதி காலி, எது போய்விட்டது என்று காட்ட அங்கே ஒரு பழைய சாஃப்ட்வேர் இருந்தது. நீலத் திரை, வெள்ளை எழுத்து, பார்க்கவே கண் எரியும். ஆனால் ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். சென்னைக் கம்பெனி வேலையை விழுப்புரத்தில் வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த நான், ஒரு நாள் மண்டப முதலாளியின் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"இதெல்லாம் குப்பைங்க. மொத்தமா இடிச்சிட்டுப் புதுசா கட்டித் தர்றேன். ஜனங்க ஃபோன்லயே புக் பண்ணிக்கலாம்."

"இது நல்லாத்தானே ஓடிக்கினு கீது?"

"மாட்டு வண்டியுந்தான் ஓடுச்சு."

அந்த ஒரு வசனத்தில் மனிதர் விழுந்துவிட்டார்.

பழைய புரோகிராமைப் பிரித்தால் ஒரு அக்கிரமம் கிடைத்தது. திங்கட்கிழமை கல்யாணம் என்று பதிந்தால், ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து மூடிவிடுகிறது! காரணம் ஒரே ஒரு வரி: விசேஷம் கல்யாணம் என்றால் மூட ஆரம்பிக்கும் தேதியில் ஒன்றைக் கழி. ஏன், எதற்கு என்று அரை வார்த்தை விளக்கம் கிடையாது. தேதி எண்ணத் தெரியாத எவனோ பண்ணிய தப்பு என்று முடிவுகட்டினேன். ஒரு மண்டபத்தின் ஞாயிற்றுக்கிழமைகளை இப்படியா சூறையாடுவது என்று கொதித்தேன். கொதித்த கையோடு அந்த மைனஸ் ஒன்றைத் தூக்கினேன். புதுத் திரையில் காலித் தேதிகள் பூத்துக் குலுங்கின. முதலாளி மகிழ்ந்தார். ஏன் கூடியது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஃபோனில் பதிவான முதல் விசேஷம், வளவனூர்க்காரர் ஒருவரின் பேரனுக்கு முதல் பிறந்தநாள். ஞாயிறு மாலை. என் வெற்றியை நேரில் ருசிக்க லேப்டாப்பும் கையுமாகப் போய் நின்றேன். மேடையில் பலூன் வளைவு, 'ஹேப்பி பர்த்டே' தங்க எழுத்துகள், ஆள் உயரத்துக்குக் கேக். குழந்தை மட்டும் பலூனைப் பார்த்து வீறிட்டுக்கொண்டிருந்தது.

அப்போது வாசலில் மேளம் கேட்டது.

கண்டாச்சிபுரத்திலிருந்து இரண்டு வேன் நிறைய ஜனம். நடுவில் பூ ஜோடித்த கார். காருக்குள் கல்யாணப் பெண். திங்கள் காலை முகூர்த்தம், ஞாயிறு மாலை ரிசப்ஷன். எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் முந்தின நாளே ரிசப்ஷன் உண்டு. இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மேடையில் வீறிட்ட அந்தக் குழந்தைக்கே தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை!

பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "இன்னாயா இது? எம்பொண்ணு ரோட்ல நின்னுக்கினு கீறா, உள்ள எவனோ பலூன் ஊதிக்கினு கீறான்?"

"எவனோவா? நான் ஃபோன்ல புக் பண்ணவன்யா!" என்று பாய்ந்தார் வளவனூர்த் தாத்தா. "கேக்கு வெட்டாம எவன் எங்களை எறக்குறான்னு பாக்குறேன்!"

முதலாளி என்னைப் பார்த்தார். "இவருதாங்க கம்ப்யூட்டரு."

இருநூறு கண்கள் என் மேல் திரும்பின. அந்த நிமிஷம் நான் செய்ததை இன்று நினைத்தாலும் எனக்கே என்மேல் கோபம் வருகிறது. ஜெனரேட்டருக்குப் பின்னால் ஓடி, லேப்டாப்பைத் திறந்து, அந்த மைனஸ் ஒன்றை மறுபடி எழுதினேன். திரையில் ஞாயிற்றுக்கிழமை உடனே மூடிக்கொண்டது. வாசலில் ஒரு வேன்கூட மறையவில்லை.

அங்கிருந்தே மனைவிக்கு ஃபோன் போட்டேன்.

"இங்க திண்டிவனம் மண்டபத்துல ஒரே பேஜாரா இருக்கு. கல்யாணப் பொண்ணு வாசல்ல நிக்குது..."

"அந்த மைனஸ் ஒண்ணைத் தூக்கிட்டீங்களா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"நான் எழுதுனதுங்க அது. கல்யாணத்துக்கு முன்ன திண்டிவனத்துல கம்ப்யூட்டர் சென்டர்ல வேலை பாத்தேனே. அந்த மடையன் நான்தான்."

எனக்கு வந்த கோபத்தைப் பாருங்கள். "ஏன்னு ஒரு வரி எழுதி வெக்கக் கூடாதா?"

"சோத்தை வாயாலதான் துன்னணும்னு தட்டுல எழுதியா வெக்கிறோம்? நம்ம ரிசப்ஷன் என்னிக்கி நடந்துது?"

கல்யாணத்துக்கு முந்தின நாள்தான். கோட்டு மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் வியர்த்தவன் நான்.

"இத்தினி நாளா ஏன் சொல்லல?"

"எங்க, மடையன்னு திட்டத்தான் வாயைத் தொறந்தீங்க. எந்த புரோகிராமுன்னு ஒரு நாளாவது காட்டுனீங்களா? ஜல்தியா போய் மொதல்ல அந்தப் பொண்ணை உள்ள கூட்டுங்க."

நான் போவதற்குள் அந்தப் பெண்ணே காரை விட்டு இறங்கியிருந்தாள். கை கலக்கும் நிலையிலிருந்த இரண்டு பெரியவர்களுக்கும் நடுவே புகுந்து நடந்தாள். "யப்பா, மேக்கப்பு வழியறதுக்குள்ள நான் மேடை ஏறணும். நீங்க இங்கியே சண்டை போட்டுக்கினு இருங்க. தாத்தா, நீங்களும் வாங்க, மொதல்ல கேக்கை வெட்டுவோம்."

தாத்தா திகைத்துப்போய்ப் பின்னாலேயே போனார். கேக் வெட்டினார்கள். கல்யாணப் பெண் தூக்கிக்கொண்டதும் குழந்தை அழுகையை நிறுத்தி அவள் நெக்லஸைக் கடிக்க ஆரம்பித்தது. மாப்பிள்ளை வந்து பக்கத்தில் நின்றார். பலூன் வளைவைக் கழற்ற யாருக்கும் நேரமில்லை. அந்தக் கல்யாண ஆல்பத்தில் மாலையும் கழுத்துமாக நிற்கும் ஜோடியின் தலைக்கு மேலே இன்றும் 'ஹேப்பி பர்த்டே' மின்னுகிறது. என்னை ஒரு சாம்பார் வாளியோடு பந்திக்கு அனுப்பினார்கள். இரண்டு வீட்டாருக்கும் பரிமாறினேன், இரண்டு வீட்டாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மறுவாரமே மண்டபத்தில் நீலத் திரை திரும்பி வந்தது. ஏதாவது சந்தேகம் வந்தால் முதலாளி இப்போது என் மனைவிக்குத்தான் ஃபோன் செய்கிறார். நான் எடுத்தால், "மேடத்துகிட்ட குடுங்க" என்கிறார். (இது எந்த ஊர் நியாயம்?)

வீட்டிலும் எனக்கு மரியாதை இல்லை. போன வாரம், வாஷிங் மெஷினின் ஒரு காலடியில் அசிங்கமாக மடித்துச் செருகியிருந்த அட்டையை உருவினேன். என் மகள் ஹாலிலிருந்து கத்தினாள்: "அம்மா, ஓடி வா! அப்பா மைனஸ் ஒண்ணைத் தூக்குறாரு!"

ஒரு பழைய அட்டையை எடுக்கக்கூட இந்த வீட்டில் எனக்கு உரிமை இல்லையா? உருவத்தான் உருவினேன். அன்று துணி துவைக்கும்போது மெஷின் பாத்ரூமிலிருந்து சமையலறை வரை நடந்து வந்தது என்பது வேறு விஷயம்.