இரண்டு ஓட்டை லேப்டாப்

புது லேப்டாப்பின் ஓரத்தில் இருந்தவை இரண்டே ஓட்டைகள். இரண்டும் சின்னவை. ஊரிலிருந்து கொண்டுவந்த கீபோர்டு வயரின் முனையோ பெரியது. வரைபடக்காரர் அதைத் திருப்பிப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் பெரிதாகவே இருந்தது.

"அதுலயே ஒரு கீபோர்டு இருக்குமேங்க," என்றாள் மனைவி, போனில்.

"இருக்கு. எல்லாம் இந்த ஊர் எழுத்து."

உண்மையில் கீபோர்டுக்கு எழுத்தே தெரியாது. எந்தப் பொத்தான் அமுங்கியதோ அதற்கு ஒரு எண்ணை அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. எழுத்தாக்குவது கம்ப்யூட்டர். இது வரைபடக்காரருக்குத் தெரியும். விரல்களுக்குத்தான் தெரியவில்லை. அவை கண்ணைக் கேட்காமல் எதையும் அமுக்காது.

கட்டட வரைபடம் போட அவர் இந்த நாட்டுக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. போன வாரம்தான் மேனேஜர் மனமிறங்கினார். "சொந்தக் கம்ப்யூட்டர் வாங்குங்க. நம்ம டெக்னீஷியனைக் கூப்பிடாம நீங்களே கீபோர்டு, மவுஸ், கேமரா எல்லாத்தையும் மாட்டி, திங்கக்கிழமை நாலு மணி மீட்டிங்ல முகம் காட்டுங்க. சரியா வந்தா, உங்க ஊர்ல இருந்தே வேலை பாருங்க."

இன்று திங்கட்கிழமை. மணி பன்னிரண்டு.

"ஸ்கூல்ல குடும்பத்தை வரையச் சொன்னாங்களாம்," என்றாள் மனைவி. "உங்களுக்கு ஒரு செவ்வகம் போட்டு, மூலையில பேட்டரியும் போட்டிருக்கா உங்க பொண்ணு."

"சார்ஜ் எவ்வளவு இருக்கு?"

"சிவப்புல இருக்கு."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். நாலு மாடி, லிஃப்ட் கிடையாது. அப்புறம் இரண்டு தெரு தள்ளி கம்ப்யூட்டர் சாமான் கடை. கடைக்காரருக்குத் தமிழ் தெரியும் என்பதால் அந்தக் கடை.

பெரிய முனையைச் சின்னதாக்கும் மாற்றி ஒன்று வாங்கி வந்தார். கீபோர்டு வேலை செய்தது. இன்னொரு ஓட்டையில் சார்ஜர். மவுஸுக்கும் கேமராவுக்கும் இடமில்லை.

"வாங்க சார்," என்றார் கடைக்காரர். "இப்ப எது இடிக்குது?"

"ஓட்டை பத்தலை."

"ஹப் போடுங்க. ஒண்ணு நாலாகும்."

நாலானது. ஆனால் மவுஸை நகர்த்தினால் கேமரா இருண்டது. ஹப் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை, வருவதைப் பங்கு போடுகிறது. ஒரு சம்பளத்தில் நாலு பேர் சாப்பிடுகிற வீடு மாதிரி. அதில் கேமராவுக்குப் பசி அதிகம்.

மறுபடி நாலு மாடி, இரண்டு தெரு.

"தனியா கரண்ட் எடுக்கிற ஹப் இருக்கே," என்றார் கடைக்காரர்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"முதல்ல நீங்க கீபோர்டு மட்டும்தானே கேட்டீங்க?"

புது ஹப்பின் பிளக்கில் மூன்று கால்கள். அறைச் சுவரில் இரண்டு ஓட்டைகள்.

நாலாவது தடவை கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. அடாப்டரை எடுத்து மேஜைமேல் தயாராக வைத்திருந்தார். "ஒரு பாய் விரிச்சுத் தரட்டுமா? இங்கேயே படுத்துக்கலாம்."

அடாப்டர் கனம். மாட்டியதும் தலை கவிழ்ந்து சுவரிலிருந்து நழுவியது. மணி மூன்று ஐம்பது. வரைபடக்காரருக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. அறையில் இருந்த ஒரே நாற்காலியைச் சுவரோடு சாய்த்து, அதன் முதுகால் அடாப்டருக்கு முட்டுக் கொடுத்தார். உட்கார இடம் போயிற்று.

நாலு மணிக்குத் திரையில் மேனேஜர் தெரிந்தார். அவருக்குப் பின்னால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டபடி, தலை நரைத்த டெக்னீஷியன்.

"படம் பளிச்சுன்னு இருக்கு," என்றார் மேனேஜர். "ஏன் மண்டி போட்டிருக்கீங்க?"

"நாற்காலிக்கு வேற வேலை இருக்கு சார்."

கேமராவைத் திருப்பிக் காட்டினார். எந்த முனை எதில் நுழைகிறது, எது ஏன் இருண்டது, எங்கே பசி, எங்கே கனம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லச் சொல்லக் களைப்பு குறைந்தது.

"யாரையும் கேட்காம நீங்களேவா?"

"நானேதான் சார்." ஐந்து வருடத்தில் முதல் முறையாக அவர் குரலில் ஊர் வாடை அடித்தது. "எது கெட்டாலும் சரி பண்ணிடுவேன் சார்."

மேனேஜர் மெல்லத் தலையாட்டினார். டெக்னீஷியன் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, திரையைக் கிட்டே வந்து பார்த்தார்.

"சார், எனக்குப் பதிலா ஒரு ஆள் கிடைச்சதும் என்னை ஊருக்கு அனுப்புறேன்னு சொன்னீங்க. எட்டு வருஷமாத் தேடின ஆள் இதோ மண்டி போட்டுட்டு இருக்காரு, நான் பெட்டி கட்டட்டுமா?"