தலைத் தீபாவளியன்று நான் கழுவிய வெந்நீர்த் தொட்டி

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

ஒன்றும் தெரியாதவன் செய்யும் பிழை சிறியது. நாலு புத்தகங்களைத் தானே படித்துவிட்டு எல்லாம் தெரிந்துவிட்டதாக நம்புகிறவன் செய்யும் பிழைக்கு ஒரு மொட்டை மாடி அளவு இடம் வேண்டும். (மொட்டை மாடியில்தான் செய்தேன், அனுபவித்துச் சொல்கிறேன்.)

சிக்கந்தராபாத்தில் ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக உழைத்து ஓய்வு பெற்ற நான், மாரெட்பள்ளியில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, பட்டான்செருவைத் தாண்டி வாங்கிய மனையில் வீடு கட்டினேன். நகரத்தில் கண்ணாடிக் கட்டடங்களாகக் கணினி நிறுவனங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. கோடையில் மின்வெட்டும் அதே வேகத்தில் முளைத்தது. ஆகவே என் வீட்டுக்குள் மின்கம்பி நுழையலாகாது என்று தீர்மானித்தேன். கூரையில் சூரியத் தகடுகள், மாடிப்படியின் கீழ் நான்கு பேட்டரிகள், மொட்டை மாடியில் இருநூறு லிட்டர் சூரிய வெந்நீர்த் தொட்டி. வரைபடம், கணக்கு, குழாய் இணைப்பு அனைத்தும் அடியேனே.

ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த என் மனைவி சரோஜா வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "கைக்கு இந்த வேலை? ஊரெல்லாம் போஸ்ட் நட்டு லைன் இழுத்து வச்சிருக்கான். உங்களுக்கு மட்டும் நக்கோவா?" (காலனி உருதுவில் 'கைக்கு' என்றால் எதற்கு, 'நக்கோ' என்றால் வேண்டாம்.)

"நக்கோதான்" என்றேன் கம்பீரமாக. அதே கம்பீரத்தில் பழைய செம்பு பாய்லரையும் பெரிய அண்டாவையும் பழைய பாத்திரக்காரருக்குத் தூக்கிக் கொடுத்தேன். சூரியன் இருக்கையில் அண்டா எதற்கு?

அந்த ஆண்டுதான் மகள் மாலதிக்குத் திருமணமாயிற்று. மாப்பிள்ளை கார்த்திக் இங்கேயே ஒரு கணினி நிறுவனத்தில் பொறியாளர். சம்பந்தி திருச்சியில், மின்வாரியத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். (ஆண்டவன் எனக்கென்று தேடிப் பிடித்து அனுப்பியிருக்கிறான் பாருங்கள்.) கல்யாண மண்டபத்திலேயே அவர் கேட்டார்: "கரண்டே இல்லாத வீட்லயா சம்பந்தி என் பையன் தலைத் தீபாவளி கொண்டாடறது?"

பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "தீபாவளியன்று மாப்பிள்ளைக்கு வெந்நீரில் ஒரு சொம்பு குறைந்தாலும், மின் இணைப்புக்கான விண்ணப்பத்தில் நானே கையெழுத்திட்டு உங்களுக்கு நகல் அனுப்புகிறேன்" என்று சபை அறியச் சொன்னேன்.

தீபாவளிக்கு முதல் நாள் நல்ல வெயில். பிற்பகலில் மாப்பிள்ளையை மாடிக்கு அழைத்துச் சென்று, கண்ணாடிக் குழாய்களில் நீர் சூடாகித் தொட்டிக்கு ஏறும் விதத்தை முக்கால் மணி நேரம் விளக்கினேன். அவர் குழாயைத் திறந்து, சுரீரென்று கையை இழுத்துக்கொண்டு, "செம சூடு மாமா!" என்றார். என் நெஞ்சு விம்மியது.

அந்தி சாய்ந்தது. அடுக்களையில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்த சரோஜா குரல் கொடுத்தாள்: "ஏங்க, வெந்நீர்ப் பாத்திரத்தைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வச்சு, புதுத் தண்ணி ரொப்பிட்டீங்களா?"

தீபாவளிக்கு முந்தைய மாலையில் வெந்நீர்ப் பாத்திரத்தைத் துலக்கிப் பொட்டிட்டுப் புதுநீர் நிரப்புவது எங்கள் வீட்டில் வழிவழியாக நடப்பது. செம்பு பாய்லருக்கு அதை நான்தான் செய்து வந்தேன். விஞ்ஞானம் வந்ததற்காகச் சம்பிரதாயத்தை விடலாமா? மாடிக்கு ஏறினேன். அடிவால்வைத் திறந்தேன். இருநூறு லிட்டரும் ஆவி பறக்கக் கொட்டிற்று. அந்த ஆவி என் முகத்தில் அடித்தபோதும் புத்தியில் ஒன்றும் உறைக்கவில்லை. 'ஆகா, எவ்வளவு சூடு!' என்று மகிழ்ந்தேன். உட்புறம் அலசி, ஜில்லென்ற புதுநீர் நிரப்பி, தொட்டியின் வயிற்றில் மஞ்சள் பூசி மூன்று குங்குமப் பொட்டுகளும் வைத்துவிட்டு இறங்கினேன். தரையில் வடிந்த வெந்நீரில் கறிவேப்பிலைக் கன்று அன்றே உயிர் நீத்தது.

விடியற்காலையில் ஊரெங்கும் வெடிச் சத்தம். மாப்பிள்ளையை மணையில் உட்கார்த்தி, சரோஜா உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய் வைத்தாள். சீயக்காய் தயார். மாலதி வாளியைக் குழாயடியில் வைத்துத் திறந்தாள்.

"அப்பா, ஐஸ் மாதிரி வருது!"

"கொஞ்ச நேரம் ஓடவிடும்மா. குழாயில் தேங்கியது போகட்டும்."

நான்கு வாளி போயிற்று. சரோஜா மெல்ல என் பக்கம் திரும்பினாள். "நேத்து மாடியில என்ன பண்ணீங்க?"

"நீ சொன்னதைத்தான். கழுவி, பொட்டு வைத்து..."

"அய்யய்யோ! நான் சாமிகிட்ட வைக்கிற சின்னப் பித்தளைக் குடத்தைச் சொன்னேன்! ராத்திரியில எந்தச் சூரியன் வந்து காய்ச்சும்?"

அப்போதும் நான் தளரவில்லை. பரணிலிருந்து வெந்நீர் ராடை எடுத்து பேட்டரி இணைப்பில் செருகினேன். இன்வெர்ட்டர் ஒரு முறை அலறி உயிரை விட்டது. வீடு முழுவதும் இருள். அந்த இருளில் எண்ணெய் பளபளக்க ஒரு பொறியாளர் வெடவெடத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். சரோஜா மெழுகுவத்தி ஏற்றி, வீட்டிலிருந்த ஆகப் பெரிய பாத்திரமான குழம்புச் சட்டியில் தண்ணீர் வைத்தாள். ஏறக்குறைய ஒன்பது சொம்பு பிடிக்கும். அது சூடாவதற்குள் கைப்பேசி ஒலித்தது.

திருச்சி.

"என்ன சம்பந்தி, கங்கா ஸ்நானம் ஆச்சா?"

நான் இன்னும் சூடேறாத சட்டியைப் பார்த்தேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். பிறகு, ஐயா, அந்தப் பிள்ளை செய்ததை நான் சாகும்வரை மறவேன். குழாயடியில் நிறைந்து நின்ற ஐஸ்நீர் வாளியை இரு கைகளாலும் தூக்கி, தலை வழியே முழுவதையும் கவிழ்த்துக்கொண்டு, "ஆச்சுப்பா! சுடச்சுட ஆச்சு!" என்று கத்தினார். கத்திய கையோடு ஏழு தும்மல்.

சம்பந்தி விடவில்லை. "சுடுதண்ணியில குளிச்சவன் எதுக்குத் தும்மறான்? நீங்க சொல்லுங்க சம்பந்தி."

பண்டிகை நாளில் பொய் சொல்ல மனம் வரவில்லை. வால்வு, மஞ்சள், மூன்று பொட்டு, கறிவேப்பிலைக் கன்று வரை எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். விண்ணப்பத்தை நாளையே எழுதுகிறேன் என்றும் சொன்னேன்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். நிறுத்துவார் என்று காத்திருந்தேன், நிறுத்தவில்லை. சம்பந்தியம்மாள் தண்ணீர் கொடுக்கும் சத்தம் கேட்டது. கடைசியில் சொன்னார்: "வாரியத்துல எத்தனையோ கேஸ் பாத்திருக்கேன் சம்பந்தி. கொதிக்கிற தண்ணியைக் கொட்டிட்டுப் பச்சத்தண்ணி புடிச்சவரை இப்பத்தான் பாக்கறேன். மிஷின் மேல தப்பே இல்ல, ஆபரேட்டர் மேலதான். அப்ளிகேஷன் எல்லாம் வேணாம். வீடு அப்படியே இருக்கட்டும். உங்களைத்தான் மாத்தணும்."

இன்றுவரை என் வீட்டுக்குள் மின்கம்பி நுழையவில்லை. ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் முதல் நாள், மூன்று மணிக்குத் திருச்சியிலிருந்து சரோஜாவுக்கு அழைப்பு வரும்: "மாடிக் கதவைப் பூட்டியாச்சாம்மா?" பூட்டிச் சாவியை அவள் இடுப்பில் செருகிக்கொள்வாள். மறுநாள் எல்லாரும் குளித்து முடியும்வரை என் சொந்த மாடிக்கு எனக்கு அனுமதியில்லை. பேத்திக்குத் தமிழ் புரியும், பேச்செல்லாம் தெலுங்குதான். யாராவது என்னைப் பெரிய அறிவாளி என்று புகழ்ந்தால் அவள் ஓடிவந்து, "தாத்தா, டேங்க் கடிகேசாவா?" என்பாள். தொட்டியைக் கழுவிவிட்டாயா என்று பொருள். எழுபது வயதில் இதற்குமேல் ஒரு பட்டம் எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

உங்கள் மொட்டை மாடிக்கும் ஒரு நாள் சூரியத் தொட்டி வரக்கூடும்; ஆகவே இத்தாள்களைப் படித்து முடித்ததும் தயவுசெய்து தூக்கி எறியாமல் பத்திரமாக வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.