டீ கிளாஸுக்கு வந்த காய்ச்சல்

சத்தியமாகச் சொல்கிறேன். வெறும் வாய்ச் சத்தியம் இல்லை. மேசைமேல் அம்மன் படம் ஒன்றை வைத்து, அதன்மேல் வலது உள்ளங்கையை அழுத்திக்கொண்டு, இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அச்சுக்கூடத்தார் மன்னிக்க. நடுநடுவே கையை எடுத்துப் பார்க்கிறேன். அம்மன் பளிச்சென்று சிரிக்கிறாள். சாட்சிக்கு வந்துவிட்டாள் என்று அர்த்தம். இனி வருவதில் ஒரு சொல் பொய் என்றாலும் என் வேட்டியில் பத்தாயிரம் வாலா பற்றிக்கொள்ளட்டும்.

ஆனைக்குட்டம் அணைக்குப் போகிற பாதையில் ஒரு தகரக் கொட்டகை. முன்பு அதில் கோழி வளர்த்தார்கள். போன ஆடியிலிருந்து அங்கே பக்தர்கள் இருந்தார்கள். கோழிகளுக்கு இரண்டு வேளை தீனி, பக்தர்களுக்கு ஒரு வேளை சுண்டல். கோழிகளைப் பிடித்துக்கொண்டு வரவேண்டியிருந்தது, இவர்கள் தாங்களே பஸ் ஏறி வந்தார்கள். மற்றபடி வித்தியாசம் இல்லை.

வரிசை என்றால் அப்படி ஒரு வரிசை. அதன் வால் திருத்தங்கல் ரயில்வே கேட் வரை நீண்டது. ஒரு நாள் கேட்டைச் சாத்தியபோது வரிசை இரண்டாக அறுந்து, பின்பாதி ரயிலுக்கு நிற்பதாக நினைத்து ஏறி மதுரைக்குப் போய்விட்டது. அதில் நாலு பேர் மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து, குளிர்ச்சிச் சாமியால் குணமானதாகச் சொன்னார்கள்.

குளிர்ச்சிச் சாமி என்பது வெள்ளைத்துரை. காரியாபட்டிப் பக்கத்து ஆள். சாமி ஆவதற்கு முன் என்ன தொழில் செய்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெண் கொடுப்பதென்றால் மூன்று தலைமுறை விசாரிப்போம். உயிரைக் கொடுக்கும்போது அவ்வளவு பார்க்க மாட்டோம்.

அவருடைய வைத்தியம் ஓர் அட்டை. சீட்டுக்கட்டு அளவு, கன்னங்கரேலென்று இருக்கும். காய்ச்சல்காரரின் உள்ளங்கையில் வைத்து மூடச் சொல்வார். பத்து மூச்சு விட்டுத் திறந்தால் கறுப்பு கரைந்து உள்ளே அம்மன் சிரிப்பாள். "ஆத்தா இறங்கிட்டா. சூட்டைக் குடிக்க ஆரம்பிச்சிட்டா" என்பார் சாமி. அட்டை கறுப்பாகவே இருந்தால் ஆத்தா வேலையை முடித்துவிட்டாள், நோய் போய்விட்டது என்று பொருள். நடுவில் ஊசி போட்டால் ஆத்தா கோபித்துக்கொள்வாள். காணிக்கை கேட்கவே மாட்டார். சூலத்தில் தொங்கிய க்யூஆர் அட்டை கேட்டுக்கொள்ளும். பக்கத்திலிருந்த சின்னப் பெட்டி, அருள்வாக்குக்கு நடுவே, பணம் வந்து சேர்ந்ததைப் பெண் குரலில் அறிவிக்கும். அதையும் ஆத்தா குரல் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள் உண்டு.

இத்தனைக்கும் நாடு முழுக்கச் சாமி அச்சடித்து அனுப்புகிற சீமை இது. முருகனை உலரவைத்து, லட்சுமியை ஓரம் வெட்டி, பிள்ளையாரைக் கட்டுக் கட்டி லோடு ஏற்றிவிட்டு, அந்தக் கையைக்கூடக் கழுவாமல் வந்து வரிசையில் நின்றார்கள்.

நானும் நின்றேன். சுண்டலுக்காக என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், முழங்கால் வலிக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் தாங்காமல் ஜில்லென்று ஒரு பன்னீர் சோடாவைப் பிடித்துக்கொண்டே போனேன். என் கையில் அட்டை கறுப்பாகவே இருந்தது. "பெரியவருக்கு ஒரு நோயும் கிடையாது" என்றார் சாமி. நொண்டிக்கொண்டே வெளியே வந்தேன்.

இப்போது மாரிசெல்வி. பட்டாசுக் கம்பெனியில் பெட்டி கட்டுகிறவள். புருஷன் முனியராஜ் அங்கேயே லோடு ஏற்றுகிறவன். தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்தது, சீசன் உச்சம், லீவு என்ற சொல்லே யார் வாயிலும் கிடையாது. மரப்பெட்டி ஆணி ஒன்று அவள் குதிகாலில் ஏறியது. மஞ்சளைப் பற்றுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். நாலாம் நாள் கெண்டைக்கால் வரை வீங்கிச் சிவந்தது. காய்ச்சல் கொதித்தது. முனியராஜ் அவளைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தான். முதல் நாள் அட்டையில் அம்மன் சிரித்தாள். இரண்டாம் நாள் இன்னும் பளிச்சென்று சிரித்தாள். மூன்றாம் நாள் காலை அட்டை கறுப்பாகவே இருந்தது. மாரிசெல்வியின் கை ஐஸாக இருந்தது.

கொட்டகையே குலவையிட்டது. முனியராஜ் கண்ணீரோடு தங்கச்சிக்குப் போன் போட்டான். காய்ச்சல் விட்டுருச்சு, கை காலெல்லாம் பன்னீர் சோடா மாதிரி ஜில்லுன்னு இருக்கு என்றான். தங்கச்சி இசைவாணி விருதுநகர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். மதினி பேசுதாகளா என்று கேட்டாள். பேசுறா, ஆனா ஆத்தா பேசுற மாதிரி பேசுறா என்றான் அண்ணன். தங்கச்சி ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

அதற்குள் இங்கே மாரிசெல்விக்கு நல்ல கிராக்கி. அவள் கண்ணை எங்கோ நிறுத்தி, வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டு, வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜனம் அதை வாக்கு என்று எடுத்துக்கொண்டது. மகளுக்கு எப்போது கல்யாணம் என்று ஓர் அம்மாள் கேட்டாள்.

"ஆர்டர் லேட்டு" என்றாள் மாரிசெல்வி.

அம்மாள் நெக்குருகிப் போனாள். அடுத்து ஒருவர் தம்பியோடு உள்ள நிலத் தகராறைக் கேட்டார். "ரெண்டு கட்டு குறையுது" என்று பதில் வந்தது. தம்பி இரண்டு சென்ட் அமுக்கியதைத்தான் ஆத்தா சொல்கிறாள் என்று அவர் அங்கேயே வழக்கை ஜெயித்துவிட்டார்.

இசைவாணி வந்ததும் மதினியின் ஆள்காட்டி விரலைத்தான் பிடித்தாள். நகத்தை வெளுக்கும்படி அமுக்கி, பத்து எண்ணிவிட்டுப் பிடியை விட்டாள். பிறகு வாய்விட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நகம் வெள்ளையாகவே இருந்தது. ஏழில்தான் லேசாகச் சிவப்பு வந்தது. அண்ணன் நகத்தை அமுக்கினாள். இரண்டிலேயே சிவந்தது. எழுந்து 108க்குப் பேசினாள். பிறகு அண்ணனிடம் திரும்பினாள்.

"புண்ணு செப்டிக் ஆகி ரத்தத்துல ஏறிருச்சுண்ணே. உள்ள இருக்கிற உறுப்பைக் காப்பாத்த, உடம்பு கை காலை அம்போன்னு விட்டுருச்சு. அதான் ஜில்லுன்னு இருக்கு. இது குளிர்ச்சி இல்ல, ஷாக்கு."

"ஷாக்கா? வீட்ல ரெண்டு நாளா கரண்ட்டே இல்லையே தாயி" என்றான் முனியராஜ்.

"அந்த ஷாக்கு இல்லண்ணே. பிரஷர் இறங்கி உசுரு போற ஷாக்கு. ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு."

வெள்ளைத்துரை விடுவாரா? வாக்குச் சொல்கிற வாயைத் தூக்கிக்கொண்டு போனால் பணம் வந்ததைச் சொல்கிற பெட்டி எப்படிப் பேசும்? சூலத்தைத் தட்டினார். உச்சிப்பொழுதுக்கு முன் இவளை இடம் மாற்றினால் ஆத்தா பொறுக்க மாட்டாள் என்றார். கொஞ்சம் நிறுத்தி, "சீசன் நேரம். எந்தக் கம்பெனியில தீப்பத்துமோ, நான் சொல்றதுக்கில்ல" என்றார்.

எங்கள் சீமையில் இந்த ஒரு சொல் போதும். பட்டாசுக் கம்பெனியில் பிள்ளை இல்லாத வீடு அந்தக் கூட்டத்தில் ஒன்றுகூட இல்லை. மொத்த ஜனமும் எழுந்து வாசலை மறித்து உட்கார்ந்தது. முனியராஜே பெண்டாட்டியின் குறுக்கே போய் நின்றான். ஆம்புலன்ஸ் வர இன்னும் கால் மணி நேரம். அதற்குள் வாசல் திறக்க வேண்டும்.

இசைவாணி கோபப்படவில்லை. மதினியைப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டு, சாமி முன்னால் போய்க் கும்பிட்டு நின்றாள். எனக்கும் கொஞ்சம் காய்ச்சலாக இருக்கிறது, அட்டை கிடைக்குமா என்று பணிவாகக் கேட்டாள். சாமி மகிழ்ந்து கொடுத்தார். அவள் அதைக் கையில் வைக்கவில்லை. சாமிக்கென்று வந்திருந்த டீ கிளாஸை அதன்மேல் வைத்தாள்.

பத்து மூச்சு. கிளாஸை எடுத்தாள். அம்மன் காதுவரை சிரித்தாள்.

"டீக்கு நல்ல காய்ச்சல். பாருங்க, ஆத்தா இறங்கிட்டா" என்றாள்.

பகுத்தறிவு வென்றது என்றுதானே நினைக்கிறீர்கள்? முன்வரிசையில் இருந்த ஒருவர் டீ கிளாஸுக்குக் கற்பூரம் கொளுத்தினார். இருவர் கிளாஸைக் கன்னத்தில் ஒற்றிக் கன்னத்தைப் பொசுக்கிக்கொண்டார்கள். வெள்ளைத்துரைக்குத் தெம்பு வந்துவிட்டது. தூணிலும் துரும்பிலும் இருக்கிறவள் டீயில் இருக்க மாட்டாளா என்றார்.

இசைவாணி சுற்றிப் பார்த்தாள். அன்றும் சுண்டலுக்கு வந்திருந்த என் கையிலிருந்து ஜில்லென்ற பன்னீர் சோடாவை உரிமையோடு பிடுங்கினாள். அட்டையை அதன்மேல் ஒட்டினாள். அம்மன் மறைந்து அட்டை கறுத்தது.

"சாமி சொல்படி பார்த்தா இந்த பாட்டிலுக்கு ஒரு நோயும் இல்ல. எங்க மதினிக்கும் இல்ல. ரெண்டும் ஜில்லுன்னு இருக்கு. ஏண்ணே, பாட்டிலுக்கு உசுரு இருக்கா?"

முனியராஜ் பாட்டிலைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். இந்த நேரத்தில் சண்முகவேல் என்று ஒருவர், திருத்தங்கலில் ஆஃப்செட் மிஷின் ஓட்டுகிறவர், அட்டையை வாங்கி, உள்ளங்கையில் தேய்த்து அம்மனை வரவழைத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கும்பிடப் போகிறார் என்று நினைத்தோம்.

"ஏலே, மூக்குத்தி கன்னத்துல இருக்குலே" என்றார். "கலர் விலகிக் கழிச்சுப் போட்ட தாளு. சூடு பட்டா படம் தெரியிற மை. காலண்டர் ஆர்டருக்கு நான்தான் ஓட்டுனேன். ஆர்டர் பிடிச்ச ஏஜெண்டு வேஸ்ட்டைப் பூரா எடைக்கு வாங்கிட்டுப் போனாரு." தலையைத் தூக்கிச் சாமியைப் பார்த்தார். "தாடி வச்சதுல அடையாளம் தெரியல ஏஜெண்டு. நல்லா இருக்கீகளா?"

வெள்ளைத்துரை, ஆத்தா எந்த ரூபத்திலும் எந்த மிஷினிலும் வருவாள் என்று தொடங்கினார். இசைவாணி அவரை உற்றுப் பார்த்தாள்.

"நானும் யோசிச்சிட்டே இருந்தேன். போன மாசம் ராஜபிளவைக் கட்டின்னு ஆஸ்பத்திரிக்கு வந்து ஆறு நாளு என்கிட்டத்தானேய்யா ஊசி போட்டுக்கிட்டீக? அப்ப ஆத்தா கோச்சுக்கலையா? எந்த இடத்துல போட்டேன்னு இவுகளுக்குச் சொல்லட்டுமா?"

சாமியின் கை தன்னையறியாமல் பின்பக்கம் போய் அந்த இடத்தைத் தடவியது. அதுதான் அவர் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம். முதலில் சிரித்தது மகளுக்கு வரன் கேட்ட அம்மாள்தான். சிரிப்பு பற்றினால் சரவெடி மாதிரி, நடுவில் நிறுத்த முடியாது. ஆம்புலன்ஸ் வந்தபோது வாசல் திறந்திருந்தது. முனியராஜே பெண்டாட்டியைத் தூக்கி ஏற்றினான். பின்பக்கத் தகரத்தைப் பெயர்த்துக்கொண்டு வெள்ளைத்துரை ஓடினார். பணம் வந்த செய்தியைச் சொல்லிக்கொண்டு பெட்டி மட்டும் அங்கேயே இருந்தது.

ஆஸ்பத்திரியில் உடனே கிருமிக்கு மருந்து ஏற்றினார்கள், புண்ணைத் திறந்து சீழை எடுத்தார்கள், பாட்டில் பாட்டிலாகத் திரவம் ஏற்றினார்கள். பெரிய மெஷின்கள் சுற்றி நின்றாலும், டாக்டர் அம்மாள் வந்து வந்து நகத்தை அமுக்கி எண்ணினார். பல நாட்டு டாக்டர்கள் ஆராய்ந்து இந்த எண்ணிக்கையை மதிக்கச் சொல்லியிருக்கிறார்களாம். ஏழு ஐந்தாயிற்று. மறுநாள் மூன்றுக்கு வந்தது. ஆறாம் நாள் மாரிசெல்வி கண்ணைத் திறந்து புருஷனைப் பார்த்து, "ஊசி போடக்கூடாதுன்னு குறுக்க நின்ன ஆளு நீங்கதானே?" என்றாள். புத்தி தெளிந்துவிட்டது என்று டாக்டர் எழுதிக்கொண்டார்.

நம் ஜனம் திருந்திவிட்டது என்று முடிக்க ஆசைதான். சத்தியம் செய்திருக்கிறேனே. மறுவாரம் இசைவாணி வீட்டு வாசலில் வரிசை. எல்லாரும் நகத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வரன் எப்போது, வழக்கு என்னவாகும், வெளிநாட்டு விசா கிடைக்குமா. நிலத் தகராறுக்காரர் நகம் இரண்டில் சிவந்ததற்கு இரண்டு சென்ட் கிடைக்கும் என்று தாமே பலன் சொல்லிக்கொண்டார்.

"மாமா, இவுகளுக்கு நகத்துல ரத்தம் சரியா ஓடுது. மேலதான் ஏற மாட்டேங்குது" என்றாள் இசைவாணி என்னிடம்.

ஆகவே, யார் சத்தியம் செய்தாலும், நான் செய்தாலும், நம்பித் தொலைக்காதீர்கள். உங்கள் நகத்தை நீங்களே அமுக்கி எண்ணிப் பாருங்கள். அதற்குக் காணிக்கை கிடையாது.

மேசைமேல் என் கைக்கடியில் இருக்கிற அம்மன் படத்தில் மூக்குத்தி கன்னத்தில் இருக்கிறது.