ஒவ்வொரு டப்பாவிலும் என் முகம்

என் முகம் ஒரு நாள் அச்சில் வரும் என்பதில் எனக்கு என்றுமே சந்தேகம் இருந்ததில்லை. எதற்காக வரும் என்பதைத்தான் நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

நான் பெயின்டிங் மேஸ்திரி. மாடி வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று நான் பூசாத கட்டடம் இந்தப் பக்கத்தில் கிடையாது. என் கை பட்ட சுவர் எதுவும் இன்றுவரை வாய் பிளந்ததில்லை. ஆனால் வயது அறுபதை எட்டிப் பார்க்கும்போது முகத்தில் நாலு கோடு விழத்தானே செய்யும்? அவை அனுபவக் கோடுகள் என்று நான் சொல்வேன். ஓதம் ஏறின சுவர் மாதிரி இருக்கிறது என்று என் மனைவி சொல்வாள்.

அவள் மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். வயதான அம்மாமார்கள் வாயில் நுழையாத பெயருள்ள கிரீம்களை ஆசையாக வாங்கிப்போவதும், முகமெல்லாம் எரிகிறது என்று திரும்பி வருவதுமாக இருப்பதைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் அவளுக்கே எரிச்சல் வந்துவிட்டது. எதிர்வீட்டு அக்காவைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, முதிர்ந்த தோலுக்கென்றே ஒரு இயற்கைப் பூச்சு தயாரித்தாள். வெள்ளைக் களிமண், கற்றாழை, தேன், அரைத்த ஓட்ஸ். அவ்வளவுதான். வாசனைக்குக்கூட ஒரு சொட்டு எதுவும் கிடையாது.

மிக்ஸியில் களிமண். சிங்க்கில் கற்றாழைத் தோல். காப்பிக்குப் பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தால் வரிசையாக டப்பாக்கள். ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. பூச்சு என் தொழில். கடைசியில் அவளும் என் வழிக்கு வந்துவிட்டாளே!

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் கூட்டாளிகள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"டப்பாவுக்குள்ள ஒரு அட்டை வைக்கணும் அக்கா. படம் போட்டாத்தான் ஜனங்களுக்குப் புரியும்."

"யாரைப் போடறது?"

நான் பேப்பரை மடித்தேன். தொண்டையைக் கனைத்தேன். யாரும் திரும்பவில்லை.

"எங்க வீட்டுக்காரரைப் போட்டுடலாமா?" என்றாள் அக்கா.

அவள் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். என் வயதுதான். காலமெல்லாம் வெயிலில் நின்று விசில் ஊதிய மனிதர். ஆனாலும் முகம் மட்டும் இஸ்திரி போட்டது மாதிரி இருக்கும். எப்படி என்று கேட்டால் தண்ணீர் குடிக்கிறேன் என்பார். நான் மட்டும் என்ன, பெயின்ட்டில் கலக்கும் தின்னரையா குடிக்கிறேன்?

"தாராளமா போடலாம்" என்றாள் என் மனைவி. நான் பேப்பரை இன்னும் நாலு மடிப்பு மடித்தேன்.

அக்கா போனதும் பிடித்துக்கொண்டேன்.

"ஏன், என் மூஞ்சிக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல் ஒண்ணுமில்லீங்க. எல்லாமே கொஞ்சம் கூடுதலாத்தான் இருக்கு."

"கிண்டல் வேண்டாம். என்னைப் போடு."

"உங்களையா? போன வருஷம் கிரீம் கொடுத்தப்போ, ஆம்பளைக்கு எதுக்கு இந்த மினுக்குன்னு கத்தினீங்க?"

"அது ரசாயனம். இது இயற்கை."

"யோசிச்சுச் சொல்லுங்க. அச்சுல போயிடும். ஒவ்வொரு டப்பாவுலயும் உங்க முகம் இருக்கும். அப்புறம் எடு எடுன்னா எடுக்க முடியாது."

"எடுன்னு சொன்னா என்னை ஏன்னு கேளு!"

"சரி" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரே பேச்சில் சம்மதித்த முதல் விஷயம் அது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பெரிய டப்பா ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

"நானும் அக்காவும் கேமரா வாங்கிட்டு வந்துடறோம். அதுக்குள்ள பூசி வெச்சிருங்க. பட்டாணி அளவு போதும். மெல்லிசா பூசணும். முழுசா காயறதுக்குள்ள கழுவிடணும். இதுல எதையும் மாத்தாதீங்க."

"பூசறதைப் பத்தி எனக்கே சொல்றியா?"

"உங்களுக்கு யாருங்க சொல்ல முடியும்?" என்றாள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பட்டாணி அளவாம்! பட்டாணி அளவில் ஒரு சுவிட்ச் போர்டைக்கூட மூட முடியாது. தொழில் தெரியாதவர்கள் பேச்சு அது. கண்ணாடி முன்னால் நின்றேன். முதலில் முரட்டுத் துண்டால் தளத்தை, அதாவது முகத்தை, தேய்த்துச் சுத்தம் செய்தேன். புதுப் பிரஷ் ஒன்றைப் பிரித்தேன். மேலிருந்து கீழே முதல் கோட் அடித்தேன். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து காயவிட்டேன். பிறகு பட்டித் தகட்டை எடுத்து, நெற்றிக் கோடு, கன்னக் கோடு எல்லாவற்றிலும் அடைத்துப் பட்டி பார்த்தேன். அதுவும் காய்ந்தது. அதன்மேல் கடைசிக் கோட். டப்பா காலி.

கண்ணாடியில் பார்த்தேன். அடடா! மீசைக்கு மேலும் கீழும் ஒரு கோடு இல்லை, குழி இல்லை. டிரில் மாஸ்டர் என்ன, அவர் மாணவர்களே என்னிடம் தோற்றுப் போவார்கள். சிரிக்கலாம் என்று பார்த்தேன். சிரிப்பு வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து இருவரும் கேமராவோடு வந்தார்கள். பின்னால் டிரில் மாஸ்டரும் வந்தார்.

"அசையாதீங்க!" என்று கூவினாள் என் மனைவி. "இந்த முகத்தைத்தாங்க தேடிட்டிருந்தேன்!"

"ம்ம்" என்றேன். வேறு எந்த எழுத்தும் வரவில்லை. ஆனால் அந்த ஒரு எழுத்துக்கே நெற்றியிலிருந்து மூக்குவரை ஒரு விரிசல் ஓடியது.

"அக்கா, விரிசல் விழுது பாருங்க, அதை எடுங்க! இன்னும் கிட்டப் போங்க!"

தலையை இன்னும் நிமிர்த்திக் கொடுத்தேன். கேமரா பளிச் பளிச் என்றது. மாஸ்டர் ஓரமாக நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பொறாமை என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு என் முகத்தைக் கழுவவில்லை, பெயர்த்தெடுத்தார்கள். உள்ளேயிருந்த தோல் தக்காளியாகச் சிவந்திருந்தது. ஈரத்துணியை ஒற்றி ஒற்றி என் மனைவிதான் ஆற்றினாள். மாஸ்டரையும் ஒரு படம் எடுத்தார்கள். அவர் எதற்கு என்று கேட்டேன். "உங்களுக்குத் துணைக்குங்க" என்றாள். பாவம், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வேலை நடக்கும் இடத்தில் எல்லோருக்கும் சொன்னேன். "மேஸ்திரி மாடலாயிட்டாரு!" என்று சாரத்தின் மேலிருந்தே என் ஆட்கள் கைதட்டினார்கள். விற்பனை தொடங்கும் நாளன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். மேசை மேல் அடுக்கியிருந்த டப்பாக்களில் ஒன்றைத் திறந்தேன். அட்டையை எடுத்தேன்.

மேலே டிரில் மாஸ்டர். பக்கத்தில் எழுதியிருந்தது: 'இப்படிப் பூசவும்.'

கீழே நான். அவரைவிடப் பெரிதாக. குறுக்கே ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. 'இப்படிப் பூசக் கூடாது.'

"என்னடி இது?"

"ஒவ்வொரு டப்பாவுலயும் உங்க முகம்ங்க. சொன்னபடியே."

"இதுக்கா என்னை..."

"சரியா பூசற படத்துக்கு ஆளுங்க வரிசையில நிக்கறாங்க. தப்பா பூசறதுக்குத்தான் ஒருத்தரும் சம்மதிக்கல. நடிக்கச் சொன்னா செயற்கையா இருக்கும். நம்மளோடது இயற்கைப் பூச்சாச்சே!"

"நான் அளவா பூசியிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"நீங்களா?" என்றாள். அவ்வளவு நம்பிக்கை என்மேல். "அதுக்குத்தானே பெரிய டப்பாவா கொடுத்துட்டுப் போனேன்?"

கோபம் வந்தது. ஆனால் கூட்டத்தைப் பார்த்ததும் கோபம் இறங்கிவிட்டது. வந்தவர்கள் அட்டையைப் பார்த்தார்கள், சிரித்தார்கள், வாங்கினார்கள். என் மனைவி ஒவ்வொருவர் கையையும் பிடித்துத் தோலைத் தடவிப் பார்த்து, முதலில் காதுக்குப் பின்னால் துளி போட்டுப் பாருங்கள், எரிந்தால் விட்டுவிடுங்கள் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மேசை காலியாகிக்கொண்டே வந்தது. என் பெண்டாட்டி என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லவும் சொன்னேன், டிரில் மாஸ்டரிடமே.

அப்போது வயதான ஓர் அம்மாள் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அட்டையைப் பார்த்தார். என் மீசையைப் பார்த்தார்.

"ஐயா, இந்தக் கீழ்ப்படத்துல இருக்கறது நீங்கதானே?"

"ஆமாம்மா."

"உங்க படத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன்."

இது போதாதா? மாஸ்டர் பக்கம் ஒரு பார்வை வீசினேன். மனைவி பக்கம் ஒரு பார்வை வீசினேன். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அந்த அம்மாள் அட்டையை மறுபடி பார்த்தார். என் முகத்தை மறுபடி பார்த்தார். பிறகு உண்மையான வருத்தத்தோடு கேட்டார்:

"நல்லாத்தானே இருந்துச்சு... எதுக்குங்கய்யா கழுவினீங்க?"